என்னுடையதல்லாத நாற்பத்து நான்கு

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, மூன்றாவது பீரியடில் கணக்கு டீச்சர் விடைத்தாள் கட்டோடு வகுப்புக்குள் வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பப்ளிக் பரீட்சைக்கு முன்னால் பழக்கத்துக்காக வைக்கும் திருப்புதல் தேர்வுகளில் முதலாவது முடிந்திருந்தது. ரிவிஷன் என்றுதான் சொல்வோம். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவர வேண்டும் என்று லீவுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

நான் தேற மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அரையாண்டில் முப்பத்தொன்று. ரிவிஷனை அதைவிட மோசமாக எழுதியிருந்தேன். காணும் பொங்கலன்று தெருப் பெண்களோடு பூப்பறிக்கிற நோம்பிக்குப் போனபோதுகூட, ஆவாரம்பூவைப் பறித்துக் கூடையில் போட்டபடியே மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எப்படிக் கூட்டினாலும் முப்பதைத் தாண்டவில்லை. கூட வந்தவர்கள் கும்மியடிக்கும்போது என்னையும் கைபிடித்து இழுத்தார்கள். கால் சுற்றி வந்தது. மனம் மட்டும் கூட்டலை விடவில்லை.

டீச்சர் குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பித்தார். பதினொன்று. பத்தொன்பது. தேறாதவர்கள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்துபோய் வாங்கிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். இருபத்தாறு, இருபத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் நான் பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்தேன். முப்பத்துநாலு வந்தது. அதுவும் நானில்லை. நாற்பது தாண்டியதும், என் தாள் தொலைந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தொலைந்தால் மறுபடி எழுதச் சொல்வார்களா, பூஜ்யம் போடுவார்களா என்று தெரியவில்லை. ஐம்பது, அறுபது தாண்டியது.

"எழுபத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு என் பெயரைக் கூப்பிட்டார். "அரையாண்டுல முப்பத்தொண்ணு வாங்குன புள்ள. ஒரே மாசத்துல நாப்பது மார்க் ஏத்திக் காட்டியிருக்குது. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். நான் தாளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் நாலு பக்கம் என் எழுத்து. குண்டு குண்டாக, வலப்பக்கம் சாய்ந்து, நடுநடுவே குறுக்குக் கோடு போட்டு அடித்த கணக்குகளோடு. அதற்கடுத்து நான் வாங்கிய ஒரே கூடுதல் தாள். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன. அவற்றில் இருந்தது என் எழுத்து இல்லை. சின்ன எழுத்து, நிமிர்ந்த எழுத்து, ஒவ்வொரு விடைக்கும் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முழு மார்க். அந்த இரண்டு தாளில் மட்டும் நாற்பத்து நான்கு. மிச்சம் இருபத்தேழுதான் நான் வாங்கியது.

தாளை முதல் பக்கத்துக்குப் புரட்டி மூடினேன்.

நடந்தது என்னவென்று உட்கார்ந்த இடத்திலேயே நினைவுக்கு வந்தது. கணக்குப் பரீட்சை அன்று கடைசி மணி அடித்ததும் ஹாலில் ஒரே அமளி. மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காகிதங்கள் பறந்தன. மேற்பார்வைக்கு வந்திருந்த வேறொரு டீச்சர் தரையிலிருந்து சில தாள்களைப் பொறுக்கி, "யாருது இது?" என்று கேட்டார். என் கூடுதல் தாளும் கீழேதான் விழுந்திருந்தது. நான் கையை நீட்டினேன். மூன்றையும் என் கையில் கொடுத்தார். பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பதற்றத்தில், ஓட்டையில் நூலைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எத்தனை தாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

யாருடைய தாள் என்றும் தெரிந்தது. ஹாலில் எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது முப்பத்துநாலு மார்க்கோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள். அதுவரை உடுமலைப்பேட்டைப் பக்கம் படித்தவள். அப்பாவுக்கு இங்கே ஃபவுண்டரியில் வேலை கிடைத்துக் குடும்பம் இடம் மாறியிருந்தது. அதிகம் பேசமாட்டாள். அரையாண்டின்போது அம்மை போட்டிருந்ததால் பரீட்சை எழுதவில்லை. எங்கள் பழைய கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போய், அவருக்குப் பதிலாக இந்த டீச்சர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களை அவருக்கு மார்க்கை வைத்துத்தான் தெரியும்.

"டீச்சர், நான் ரெண்டு அடிஷனல் ஷீட் வாங்குனேனுங்க" என்றாள் அவள் சுவரோரத்திலிருந்து. "அது இதுல இல்லீங்க."

"இல்லாத தாளுக்கு நான் எங்கம்மா மார்க் போடறது? கட்டறப்பவே பாத்துக் கட்டோணும்."

"கட்டியிருக்கறேன்னுதான் நெனச்சேனுங்க."

"நம்பர் எழுதுனியா ஒவ்வொரு தாள்லயும்?"

அவள் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். எழுதவில்லை என்று எனக்கும் தெரிந்தது. தாள் என் மடியில் இருந்தது.

அப்போதே நான் எழுந்திருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் கைத்தட்டல் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்தால் நானும் அந்தச் சுவருக்குப் போக வேண்டும், அதுவும் திருடி என்ற பெயரோடு. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். விடைத்தாளை நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்து, பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அதை அப்பாவிடம் காட்டியே ஆக வேண்டும். மார்க் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்பா மேட்டுப்பாளையம் ரோட்டோரத்தில் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டார்கள் புகைந்துபோய் வந்தால் பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தாளை நீட்டியதும், வார்னிஷ் படிந்த கையைப் பனியன் துணியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். உள்ளே புரட்டிவிடுவாரோ என்று நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டவில்லை. முதல் பக்கத்து மார்க்கையே ரொம்ப நேரம் பார்த்தார்.

சரிசெய்த மோட்டாரை வாங்க வந்திருந்த தோட்டத்துக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எம்புள்ளைதாங்க. கணக்குல எழுபத்தொண்ணுங்க" என்று அவரிடம் சொன்னார் அப்பா.

"அப்பிடியுங்களா? நல்லாப் படி அம்மணி" என்றார் அவர்.

அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா அதைச் சொன்னார். அதிகம் பேசாத மனிதர். மோட்டாரைத் திறந்து காட்டி, எரிந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, கூலி சொல்லி, கடைசியில் என் மார்க்கையும் சொல்லி அனுப்பினார். தாளை வீட்டில் டிவிக்கு மேல் வைத்தார். யார் வந்தாலும் எடுத்துப் புரட்டலாம் என்ற இடம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

மறுநாள் டீச்சர் இன்னொன்று செய்தார். அறுபதுக்கு மேல் வாங்கியவர்கள் ஒவ்வொருவரின் கீழும் தேறாதவர்கள் நாலைந்து பேரைப் போட்டுக் குழு பிரித்தார். காலையில் எட்டேகாலிலிருந்து பெல் அடிக்கும்வரை தலைவி மற்றவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது ரிவிஷனில் குழுவில் யாரும் ஃபெயிலாகக் கூடாது. என் குழுவில் ஐந்து பேர். நாலாவதாக அவள் பெயரை வாசித்தார்.

எங்களுக்குக் கிடைத்த இடம் சைக்கிள் ஷெட். ஒரு ஓரத்தில் சிமெண்ட் பூச்சு மழமழவென்று இருந்தது. அதில் சாக்பீஸால் எழுதலாம். ஐந்து பேரும் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். முதல் நாள் காரணிப்படுத்துவதில் சுலபமான இரண்டைப் போட்டுக் காட்டி நேரத்தை ஓட்டினேன். "நாளைக்குக் கூம்பு கணக்கு சொல்லிக்குடு புள்ள. அதுதான் பத்து மார்க் வருது" என்றாள் ஒருத்தி.

எனக்குக் கூம்பு வராது. புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் நாலாவது வரியில் வழி தவறிவிடும். மறுநாள் விடியற்காலை அம்மா பால் வாங்கப் போனதும் எழுந்து, டிவிக்கு மேலிருந்த தாளை எடுத்து, அவள் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்தேன். கொடுத்தது என்ன, கண்டுபிடிக்க வேண்டியது என்ன என்று முதலில் இரண்டு வரி. பிறகு பென்சிலில் சின்னப் படம். பிறகு படிப்படியாகக் கணக்கு. ஒரு படியைக்கூட மனதுக்குள் போட்டுத் தாவவில்லை. நான் அதைப் பார்த்து எழுதினேன். மூடி வைத்துவிட்டு எழுதினேன். மூன்றாவது தடவை எங்கும் இடறாமல் வந்தது. எதற்கு எதைப் பெருக்குகிறோம் என்பது வாழ்க்கையில் முதல் முறையாகப் புரிந்தது. அதில் சந்தோஷப்பட முடியவில்லை. யாரோ வருவதுபோல் இருந்தது. தாளைப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஒரு வாரம் இப்படியே போனது. விடிகாலையில் அவள் தாளிலிருந்து கற்றுக்கொண்டு, எட்டேகாலுக்கு அவளுக்கே சொல்லிக்கொடுத்தேன். அவள் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். கேள்வியே கேட்கமாட்டாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கோளம் பற்றிய ஒரு கணக்கைச் சுவரில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் எடுத்தவுடன் பை என்ற குறிக்கு இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று எழுதிப் பெருக்கிப் பெரிய எண்களோடு மல்லுக்கட்டுவோம். அவள் தாளில் பையை அப்படியே விட்டுக்கொண்டே வந்து, கடைசி வரிக்கு முந்தின வரியில் இரண்டு பக்கமும் அடித்துவிட்டிருந்தாள். நானும் அப்படியே போட்டேன்.

"இது யாரு சொல்லிக்குடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி.

"எது?"

"பையைக் கடைசி வரைக்கும் உட்டு வெச்சு அடிக்கறது. எங்க பழைய ஸ்கூல் சார் இப்பிடித்தான் போடுவாரு. இங்க யாரும் போட்டு நான் பாக்குல."

"நானாத்தான் போட்டேன்."

அவள் சுவரையே பார்த்தாள். பிறகு என்னை. "உன்ற ரிவிஷன் பேப்பரைக் கொஞ்சம் காட்டு புள்ள. பாத்துட்டுத் தாரேன்."

"எங்கப்பா வெச்சிருக்கறாரு. பட்டறைல" என்று பொய் சொன்னேன். சாக்பீஸ் என் கையில் இரண்டாக உடைந்தது. மற்ற நாலு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெல் அடித்தது.

அன்று முழுவதும் அவள் டீச்சரிடம் போகப்போகிறாள் என்று காத்திருந்தேன். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இடைவேளையில் அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாலே நானும் பாதி எழுந்துவிடுவேன். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்திருப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. படிக்கிற பிள்ளை இளைத்துப்போகிறாள் என்று அம்மா முட்டை வாங்கி வைத்தாள்.

அதற்கடுத்த நாள் அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தேறாதவர்களின் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும். தலையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் நோட்டுக் கட்டைக் கொடுக்க உள்ளே போயிருந்தேன். வெளியே வர வழியில்லாமல் மேசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அவளும் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஊட்டுல படிக்குதுங்களா?" என்றார் டீச்சர்.

"படிக்குதுங்க. காத்தால எந்திரிச்சுப் படிக்குதுங்க."

"படிச்சா இப்பிடி வராதுங்க. எழுதாத தாளை எழுதுனேன்னு வேற சொல்லுது. மார்க் கொறஞ்சாக்கூடப் பரவால்லீங்க, பொய் சொல்லப் பழகுனா நல்லதில்லீங்க."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவ்வளவுதான்.

டீச்சர் என் தோளில் கை வைத்தார். "இந்தப் புள்ளயப் பாருங்க. அரையாண்டுல ஃபெயில். இப்ப எழுபத்தொண்ணு. இதுதான் உங்க பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்குது."

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நீதானா கண்ணு? எம்புள்ளயக் கொஞ்சம் பாத்துக்க சாமி. இவுங்கப்பன் பத்தாவதோட நிறுத்தறேங்கறாரு. நீதான் எப்பிடியாவது பாஸ் பண்ண வெக்கோணும்."

"சரிங்க" என்றேன். அந்தச் 'சரிங்க'வை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

அன்று மத்தியானம் உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. டிவிக்கு மேலிருந்த தாளை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை. அம்மாவின் கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். அவளுடைய இரண்டு தாள்களையும் தனியே எடுத்து, என் தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பள்ளி விடுகிற நேரத்துக்குப் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். போகிற வழியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். அவள் தனியாக நின்றிருந்தாள். தாள்களை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் சிவப்பு மையில் இருந்த மார்க்குகளை உதட்டை அசைத்துக் கூட்டினாள்.

"நாப்பத்திநாலு" என்றாள். "அப்ப எனக்கு எழுபத்தெட்டு."

"கீழ கெடந்துச்சு. அந்த டீச்சர் எடுத்துக் குடுத்தாங்க. நான் பாக்காமக் கட்டீட்டேன். சத்தியமா வேணும்னு பண்ணல."

"எப்பத் தெரிஞ்சுது?"

"பேப்பர் குடுத்த அன்னிக்கே."

ஒரு லாரி போனது. புழுதி அடங்கியதும், "எங்கம்மா வந்தப்ப நீ அங்கதான நின்னுட்டிருந்தே" என்றாள்.

"ஆமா."

"எனக்கு ரெண்டு நாளா சந்தேகம் இருந்துச்சு. ஆனா கையில பேப்பர் இல்லாம யாருகிட்டப் போயிச் சொல்றது? ஏற்கெனவே பொய் சொல்றேன்னு சொல்லிப்போட்டாங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அழுதா ஒண்ணும் ஆகாது. வா, டீச்சர் இன்னும் போயிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

டீச்சர் ஸ்டாஃப் ரூமில் தனியாக இருந்தார். நான்தான் சொன்னேன். திட்டப்போகிறார், அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடாத குறையாக நின்றேன். அவர் அந்த இரண்டு தாள்களையும் என் தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். ஒரே கேள்விக்கு என் பக்கத்தில் அடித்த கணக்கும், அவள் பக்கத்தில் முழுக் கணக்கும் இருந்தன. நான் அடித்துவிட்டு மறுபடி போட்டிருப்பதாக நினைத்து மார்க் போட்டிருக்கிறார். அவர் முகம் வெளுத்துப்போனது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எழுத்து வேறன்னுகூடப் பாக்காம உட்டுட்டேன்" என்றார். அவர் தற்காலிகமாக வந்தவர். தலைமையாசிரியைக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை டீச்சர்கள் பயப்படுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

"ரெஜிஸ்டர்ல மாத்திடறேன்" என்றார்.

"எங்கம்மாட்ட நீங்க சொல்லோணுங்க டீச்சர்" என்றாள் அவள். "நான் பொய் சொல்லலீன்னு."

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதி மடித்துக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. "இவளே கொண்டாந்து குடுக்கட்டுங்க" என்றாள்.

அவர்கள் வீடு லைன் வீடுகளில் கடைசி. அவள் அம்மா அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். "எழுத்துக் கூட்டி நான் படிக்கறதுக்குள்ள மில்லுச் சங்கு ஊதிரும். நீயே படி கண்ணு" என்றார்.

படித்தேன். 'விடைத்தாளில் ஏற்பட்ட தவறுதலால்' என்றுதான் டீச்சர் எழுதியிருந்தார். யார் என்று இல்லை. தங்கள் மகள் பொய் சொல்லவில்லை, எழுபத்தெட்டு மதிப்பெண் எடுத்திருக்கிறாள், என்னை மன்னிக்கவும் என்று முடித்திருந்தார். அத்தோடு நிறுத்திக்கொண்டு நான் ஓடியிருக்கலாம். அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாளைக் கட்டுனது நானுங்க" என்றேன். "தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேனுங்க."

அந்த அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். "காத்தால நான் உன்றகிட்டத்தான கேட்டேன்?"

"ஆமாங்க."

"அப்பவும் சொல்லல."

"இல்லீங்க."

அவர் என்னை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை அரிசி டின்னுக்கு மேல் வைத்தார். "பொழுதாச்சு. ஊட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னார்.

இனி அப்பா. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். பட்டறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், நின்றபடியே முழுக்கச் சொன்னேன். அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, கம்பியை வெட்டி, நுனியை மடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப உன்றது எத்தனை?"

"இருபத்தேழுங்கப்பா."

அடுத்த சுற்றுக்குக் கம்பியை எடுத்தார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அடிக்கவும் இல்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பப்ளிக்ல பாஸ் பண்ணீருவியா?" என்றார்.

"தெரியலீங்கப்பா."

"தெரியாட்டித் தெரியலைன்னே சொல்லு. அது போதும்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னார்.

பள்ளியில் குழு மாறியது. அவள் தலைவி. நான் அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். வகுப்பில் விஷயம் கசிந்து, சிலர் என் முதுகுக்குப் பின்னால் 'எழுபத்தொண்ணு' என்று கூப்பிட்டார்கள். அவள் கூப்பிடவில்லை. ஒரு நாள் மற்றவர்கள் போனபிறகு, "உன்ற பேப்பரைக் குடு" என்றாள். இந்த முறை என்னிடம் பொய் இல்லை. கொடுத்தேன்.

சரியான விடைகளை விட்டுவிட்டு நான் குறுக்குக் கோடு போட்டு அடித்தவற்றை மட்டும் பென்சிலோடு படித்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் நின்றாள். மறுபடி படித்தாள்.

"இது செரியாத்தான போட்டிருக்கற? என்னத்துக்கு அடிச்சே?"

நான் எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு அப்படி இருந்தன. ஒன்று பத்து மார்க் கணக்கு. மற்றவை சின்னவை. எல்லாம் சேர்ந்து பதினாலு. அடிக்காமல் விட்டிருந்தால் நாற்பத்தொன்று. என் சொந்தக் கணக்கிலேயே நான் தேறியிருந்தேன்.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"எதைப் பாத்து?"

"நீ பக்கத்துல வேகவேகமா எழுதிட்டிருந்தே. உனக்கு வேற மாதிரி விடை வந்திருக்குமோன்னு."

அவள் என்னையே பார்த்தாள். "நான் அந்தக் கணக்கையே அப்பப் போட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, தாளைத் திருப்பிக் கொடுத்து, "இனிமே எதையும் அடிக்காத. சந்தேகம்னா ஓரத்துல புள்ளி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போ. எல்லாம் முடிச்சுட்டுத் திரும்பி வா" என்றாள். அவளும் அன்றிலிருந்து ஒன்று செய்தாள். எந்தத் தாளை வாங்கினாலும் எழுதுவதற்கு முன் நம்பரையும் பக்கத்தையும் போட்டாள். வெறும் பயிற்சிக்கு எழுதும்போதுகூட.

ஆறு வாரம் அந்த இருபத்தேழு மார்க் தாளையே புத்தகம்போல் வைத்துக்கொண்டு படித்தேன். தெரியாமல் விட்டது எது, தெரிந்தும் பயத்தில் கெடுத்தது எது என்று இரண்டாகப் பிரித்தபோது, இரண்டாவதுதான் எனக்கு அதிகம். அது தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. இரண்டாவது ரிவிஷனையும் பயந்தபடியேதான் எழுதினேன். ஏழு இடத்தில் புள்ளி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது ஐந்து சரியாக இருந்தது. நாற்பத்தாறு வாங்கினேன். அவள் எண்பத்தொன்பது. அப்பா என் மார்க்கைக் கேட்டு, "உம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

பப்ளிக்கில் கணக்குப் பரீட்சை அன்று காலை, சென்டர் பள்ளியின் காம்பவுண்டுக்கு வெளியே நான் வாந்தி எடுத்தேன். உள்ளே போவதற்கு அரைமணி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாரோ பின்னாலிருந்து என் சடையை ஒதுக்கிப் பிடித்தார்கள். அவள் அம்மா. மகளைக் கொண்டுவந்து விட வந்திருந்தார். வயர் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வாய் கொப்பளித்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை.

"எழுதிப்போட்டு வா கண்ணு. ஒண்ணும் ஆகாது" என்றார்.

உள்ளே போனேன். முதல் பத்து நிமிடம் கேள்வித்தாளில் எழுத்துகள் நகர்ந்தன. பிறகு நின்றன.

ரிசல்ட் பேப்பரில் என் நம்பர் இருந்தது. மார்க் ஷீட் வாங்கப் போன அன்று கணக்கில் ஐம்பத்துமூன்று என்று தெரிந்தது. அவளுக்குத் தொண்ணூற்றாறு. வரிசையில் எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது என்னிடம் வந்து, எந்த குரூப் எடுக்கிறாய் என்று கேட்டாள். காமர்ஸ் என்றேன். அவள் அப்பா சம்மதித்துவிட்டாராம். பாலிடெக்னிக்கில் சேரப்போவதாகச் சொன்னாள். ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய் வருவாயா என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றாள். நாங்கள் தோழிகளாக ஆகவில்லை. கேட்டுவரை ஒன்றாக நடந்தோம். அவளுக்குக் கோயமுத்தூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.